பைப்லைன் உடைந்தால் உலோகம் சொல்வது என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிவாயு, எண்ணெய் பைப்லைன்களில் வேலை பார்க்கும் பொறியாளர்கள், இன்ஸ்பெக்டர்கள், உலோகவியல் மாணவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் பகிரங்கமாக விசாரிக்கப்பட்ட விபத்துகளிலிருந்து வந்தவை. 2010இல் அமெரிக்காவின் சான் புரூனோவில் நடந்த விபத்தை அதிகம் பேசுகிறேன், ஏனெனில் கேட்கப்படும் சந்தேகங்களில் பாதிக்கு அந்த ஒரு குழாயிலேயே விடை இருக்கிறது.

பைப் வெடித்தது என்றால் பிரஷர் அதிகமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? இதில் உலோகத்தை ஆராய என்ன இருக்கிறது?

அழுத்தம் ஏறியிருக்கலாம், ஆனால் அந்த அழுத்தத்தை நல்ல குழாய் தாங்கியிருக்குமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் 2010 செப்டம்பர் 9 அன்று பிஜி அண்ட் இ நிறுவனத்தின் 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. அப்போது குழாயில் இருந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 386 பவுண்டு. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 400 பவுண்டு. அதாவது வரம்பு மீறப்படவேயில்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குழாய்ச் சுவரில் சுற்றுவாட்டில் உண்டாகும் தகைவு (ஒரு சதுர அங்குல உலோகம் தாங்கும் விசை) என்பது அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது. இந்தக் குழாயின் தடிமன் 0.375 அங்குலம். 386 × 30 ÷ (2 × 0.375) என்றால் சதுர அங்குலத்துக்கு 15,440 பவுண்டு வருகிறது. ஆவணத்தில் குறிக்கப்பட்டிருந்த எக்ஸ்42 தர எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்குவதே 42,000 பவுண்டில்தான். அந்த வலிமையில் நாற்பது சதவீதத்தைக்கூட எட்டாத தகைவில் ஒரு குழாய் கிழிகிறது என்றால் விடை பிரஷர் சார்ட்டில் இல்லை, உலோகத்தில் இருக்கிறது.

விபத்து இடத்துக்குப் போனவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்? எதையெல்லாம் தொடக்கூடாது?

இடம் பாதுகாப்பானது என்று உறுதியான பிறகு, எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து, பக்கத்திலிருந்து, அளவுகோலை அருகில் வைத்து என்று எல்லா வகையிலும் எடுக்க வேண்டும். குழாயின் மேல் உச்சி எது, எண்ணெயோ வாயுவோ ஓடிய திசை எது, வடக்கு எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு துண்டிலும் அழியாத பெயிண்டால் எழுத வேண்டும். துண்டு கிரேனில் ஏறிய பிறகு எது மேல், எது கீழ் என்று யாராலும் சொல்ல முடியாது. அரிப்பு அடிப்பகுதியில் இருந்ததா உச்சியில் இருந்ததா என்பதை வைத்துத்தான் பாதி முடிவே எடுக்கிறோம்.

குழாய்க்குள் படிந்திருக்கும் கசடு, உள்ளே தேங்கிய நீர், பூச்சுக்கு அடியில் சிக்கியிருக்கும் ஈரம், சுற்றியுள்ள மண் ஆகியவற்றின் மாதிரிகளை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். பூச்சுக்கு அடியில் இருக்கும் திரவத்தின் பி.எச். அளவைக் காற்றுப் படுவதற்கு முன் அந்த இடத்திலேயே பார்ப்பது நல்லது. நுண்ணுயிர்ச் சோதனைக்கான கசடு சுத்தமான புட்டியில், குளிரூட்டிய நிலையில், தாமதமில்லாமல் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். உடைந்த பரப்பை வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கக்கூடாது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவக்கூடாது, விரலால் தடவவும் கூடாது. காஸ் கட்டரால் வெட்ட வேண்டிவந்தால், அந்தச் சூடும் தெறிக்கும் கசடும் உடைப்பைத் தொடாத அளவு தள்ளி வெட்ட வேண்டும். குறைந்தது ஓரடி என்பது என் கணக்கு. பிறகு காயவைத்து, ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்ப வேண்டும்.

உடைந்த இரண்டு பக்கத்தையும் ஒட்டி வைத்துப் பார்த்தால் எப்படிக் கிழிந்தது என்று தெரியுமே, அதில் என்ன தப்பு?

தளத்தில் மிக அதிகமாக நடப்பதும், ஆய்வகத்தில் மிக அதிகமாக வருத்தப்பட வைப்பதும் இதுதான். உடைந்த முகத்தில் நாம் தேடும் தடயங்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பவை. இரண்டு முகங்களையும் ஒருமுறை உரசவிட்டால் மேடுகள் நசுங்கிப் பளபளப்பாகிவிடும், நுண்ணோக்கியில் அதன்பின் தெரிவது நாம் உண்டாக்கிய உரசல் மட்டுமே. பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் படங்களையோ முப்பரிமாண ஸ்கேனையோ வைத்துக் கணினியில் பொருத்தலாம்.

பல அடி நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வேகமாக ஓடிய விரிசல் தன் முகத்தில் மீன்முள் போன்ற வரிகளை விட்டுச்செல்லும். அந்த 'வி' வடிவங்களின் கூர்முனை விரிசல் வந்த திசையைப் பார்த்திருக்கும், ஓடிய திசையை அல்ல. கிழிசலின் இரு முனைகளிலிருந்தும் வரிகளைப் பின்தொடர்ந்து வந்தால் இரு பக்கத்து முனைகளும் ஒன்றையொன்று பார்க்கும் ஓர் இடம் அகப்படும். தொடக்கம் அங்கேதான். பெரும்பாலும் அந்த இடத்தில் முகம் தட்டையாகவும், மற்ற இடங்களைவிடக் கருமையாகவோ துருவேறியோ இருக்கும்; கடைசி நொடியில் கிழிந்த பகுதிகள் 45 டிகிரி சாய்ந்த உதட்டோடு புதிதாகத் தெரியும்.

உடைப்பின் திசையையும் கவனிக்க வேண்டும். உள்ளழுத்தத்தால் சுற்றுவாட்டில் வரும் தகைவு நீளவாட்டில் வருவதைப்போல் இரு மடங்கு என்பதால், அழுத்தம் கிழிக்கும் குழாய் நீளவாக்கில் கிழியும். குழாய் குறுக்காக, வளையம்போல் முறிந்திருந்தால் மண்சரிவு, நிலம் உள்வாங்குதல், சரியாகத் தாங்கப்படாத இணைப்பு போன்ற வளைக்கும் விசைகளை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அப்படி என்னதான் தெரியும்?

உலோகம் எந்த முறையில் பிரிந்தது என்பது தெரியும். இழுபட்டு, நீண்டு, பிறகு பிய்ந்த எஃகில் சின்னஞ்சிறு குழிகள் பரவியிருக்கும். உடையும் முன் நீளாமல் நொறுங்கிய எஃகில் படிகத் தளங்கள் கண்ணாடிச் சில்லுகளாகத் தெரியும். அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் சிறிது சிறிதாக வளர்ந்த சோர்வு விரிசலில் இணையான நுண்வரிகள் தெரியலாம். எஃகு நுண்ணிய படிக மணிகளால் ஆனது; அந்த மணிகளின் எல்லை வழியே பிளந்திருந்தால் அவை தனித்தனியாக எழும்பி நிற்கும்.

பழைய விரிசல்களில் துரு இந்தத் தடயங்களை மூடியிருக்கும் என்பது உண்மைதான். அதனால் கழுவுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் படம், அடுத்து, அந்தப் படிவிலேயே குளோரின், கந்தகம் போன்ற தனிமங்கள் இருக்கின்றனவா என்ற சோதனை, அதன்பின் அசிட்டோனில் மென்மையான கழுவல், பிறகு அசிட்டேட் நாடாவை ஒட்டி உரித்தெடுத்தல், வேறு வழியே இல்லாதபோது மட்டும், எஃகைத் தின்னாமலிருக்கத் தடுப்பான் கலந்த அமிலம். அமிலத்தை முதலில் ஊற்றிவிட்டால் படிவு எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது. அந்தப் படிவும் சாட்சிதான்.

உடைந்த முகத்தைப் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகும் ஏன் வெட்டி பாலிஷ் செய்கிறீர்கள்?

முகம் காட்டுவது விரிசலின் கடைசி நிலை. அதைக் குறுக்காக வெட்டி, கண்ணாடிபோல் மெருகேற்றி, 2 சதவீத நைட்டலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) சில நொடிகள் நனைத்தால் எஃகின் உள்ளமைப்பு தெரியும்: வெள்ளையாக ஃபெரைட் (கார்பன் மிகக் குறைந்த இரும்பு), கருமையாக பெர்லைட் (இரும்பும் இரும்புக் கார்பைடும் மாறி மாறி அடுக்கிய பகுதி), வெல்டை ஒட்டி வெப்பத்தால் மாறிய பகுதி, தகடு உருட்டப்பட்டபோது நீண்டுபோன மாங்கனீஸ் சல்பைடு இழைகள் என்று. பிரதான விரிசலுக்குப் பக்கத்திலேயே உடைக்கும் அளவுக்கு வளராத சிறு விரிசல்கள் பெரும்பாலும் இருக்கும். காற்றும் தீயும் படாமல் மூடியே கிடப்பதால், நம்பகமான சான்றுகளை அவற்றிலிருந்துதான் பெறுகிறோம். விரிசல் நேராகப் போகிறதா, கிளை விடுகிறதா, மணிகளை ஊடுருவுகிறதா, எல்லையைச் சுற்றிப் போகிறதா என்பது அந்த வெட்டில் தெளிவாகிவிடும்.

மெட்டீரியல் சர்டிபிகேட் கையில் இருக்கிறது. மறுபடி கெமிக்கல், டென்சைல் டெஸ்ட் எதற்கு?

சான்றிதழ் ஒரு குழாயைப் பற்றிப் பேசுகிறது. உடைந்தது அதே குழாய்தானா என்பதை உலோகம்தான் சொல்ல வேண்டும். சான் புரூனோவில் வெடித்த பகுதி 'தையலற்ற 30 அங்குலக் குழாய்' என்று நிறுவனத்தின் ஆவணத்தில் இருந்தது. தோண்டி எடுத்துப் பார்த்தபோது அது நீளவாட்டில் வெல்டு செய்யப்பட்ட குழாய். அதுவும் ஒரே குழாய் அல்ல, நாலடி அளவுள்ள ஆறு குட்டைத் துண்டுகளை இணைத்துச் செய்தது. அவற்றில் சில, குறித்த வலிமையையும் எட்டவில்லை. அந்தத் துண்டுகளை யார் தயாரித்தார்கள் என்பது விசாரணையின் முடிவிலும் தெரியவில்லை. காகிதத்தை மட்டும் நம்பியிருந்தால் இல்லாத ஒரு குழாயின் உடைப்பை ஆராய்ந்திருப்போம்.

'துருப்பிடித்து ஓட்டை விழுந்தது' என்று எழுதினால் போதாதா?

போதாது. எஃகு துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த இடத்தில் ஏன், பக்கத்து மீட்டரில் ஏன் இல்லை என்பதற்குத்தான் ஆய்வகத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். உள்ளிருந்து வந்த அரிப்பா வெளியிலிருந்து வந்ததா என்பது முதல் பிரிவு. உள்ளே என்றால் நீர் எங்கிருந்து வந்தது, ஏன் அங்கே தேங்கியது, அதில் கார்பன் டையாக்சைடா, ஹைட்ரஜன் சல்பைடா, குளோரைடா, நுண்ணுயிரா என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் அருகே 2000 ஆகஸ்ட் 19 அன்று 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தபோது, பெகோஸ் ஆற்றுப் பாலத்தடியில் முகாமிட்டிருந்த 12 பேரும் இறந்தார்கள். குழாயின் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்த குழிகள் இருந்தன; மோசமான இடத்தில் சுவரின் 72 சதவீதம் கரைந்திருந்தது. விசாரணை அதோடு நிற்கவில்லை. ஓட்டத்தில் வரும் திரவத்தைப் பிடித்து வைக்க அந்த இடத்துக்கு முன்னால் அமைத்திருந்த வடிகலம் பகுதியளவு அடைபட்டதால் நீர் அதைத் தாண்டி வந்து பள்ளமான இடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது வரை போனது. நம் நாட்டில் 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்விலும், உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரமான வாயு போனது பெரிய கேள்வியாக எழுந்தது. இத்தனை உயிர்கள் போன பிறகு 'துரு' என்ற ஒற்றைச் சொல்லை அறிக்கையில் எழுதிவிட்டு நகர்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பூச்சு இருக்கிறது, கேத்தோடிக் புரொடெக்‌ஷன் ரீடிங்கும் சரியாக இருக்கிறது. அப்படியும் வெளிப்பக்கம் எப்படி விரிசல் வருகிறது?

கேத்தோடிக் புரொடெக்‌ஷன் என்பது குழாய்க்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் முறை. செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை வைத்துக் குழாயின் மின்னழுத்தத்தை அளக்கும்போது மைனஸ் 850 மில்லிவோல்ட் என்ற அளவு கிடைத்தால் குழாய் காப்பாற்றப்படுகிறது என்று கொள்கிறோம். ஆனால் தரைமேலிருந்து அளக்கும் அந்த எண், பூச்சு உரிந்து தொங்கும் இடத்துக்கு உள்ளே மின்னோட்டம் போகிறதா என்று சொல்வதில்லை. பாலிஎத்திலீன் நாடா சுற்றிய பழைய குழாய்களில் இதுதான் பெரிய தொல்லை: நாடா குழாயை விட்டு விலகிக் கூடாரம்போல் நிற்கும், ஈரம் உள்ளே புகும், ஆனால் நாடா மின்காப்புப் பொருள் என்பதால் பாதுகாப்பு மின்னோட்டம் உள்ளே புகாது. மிச்சிகனின் மார்ஷல் அருகே 2010 ஜூலை 25 அன்று உடைந்த 30 அங்குல எண்ணெய்க் குழாயில் இப்படி விலகிய நாடாவுக்கு அடியில்தான் அரிப்புக் குழிகளும் அவற்றிலிருந்து வளர்ந்த விரிசல்களும் இருந்தன. கசிந்த கச்சா எண்ணெய் கலமசூ ஆற்றில் கலந்தது.

தகைவும் சூழலும் சேர்ந்து உண்டாக்கும் இந்த விரிசலில் இரண்டு வகை உண்டு. காரத்தன்மை அதிகமான நீரில் வருவது படிக எல்லை வழியே போகும். வாயுவை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் நிலையத்தைத் தாண்டி வாயு சூடாகப் போகும் பகுதியில் அதிகம் தென்படும். நடுநிலைக்கு நெருங்கிய நீரில் வருவது மணிகளை ஊடுருவிப் போகும், விரிசலின் பக்கச் சுவர்களும் அரித்திருக்கும். முன்பு சொன்ன குறுக்குவெட்டு இல்லாமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1965இல் லூசியானாவின் நாக்கிட்டோஷ் அருகே 17 பேரைக் கொன்ற எரிவாயுக் குழாய் வெடிப்புக்கும் இந்த வகை விரிசலே காரணம்.

குழாய் புதுசு, இப்போதுதான் கமிஷன் செய்தோம். அதற்குள் விரிசல் வருமா?

வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்து, எஃகோ வெல்டோ கடினமாக இருந்தால் சில வாரங்களே போதும். கஜகஸ்தானின் கஷகன் எண்ணெய் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கி, குழாய்கள் கசிந்ததால் அடுத்த மாதமே நிறுத்தப்பட்டது. வெல்டு பகுதிகளில் கடினமான இடங்கள் இருந்ததும், சல்பைடால் உலோகத்துக்குள் நுழைந்த ஹைட்ரஜன் அந்த இடங்களைப் பிளந்ததுமே காரணமாகச் சொல்லப்பட்டன. குழாய்கள் முழுக்க மாற்றப்பட்டு 2016இல்தான் உற்பத்தி மீண்டும் தொடங்கியது.

இதனால்தான் இத்தகைய வாயு போகும் குழாய்களுக்குப் பொதுவாக 250 விக்கர்ஸ் (கடினத்தன்மையை அளக்கும் ஓர் அலகு) என்ற கடினத்தன்மை வரம்பு வைக்கிறார்கள். சராசரி அளவு 200 என்று வந்ததாகச் சொல்லி மனநிறைவு கொள்வதில் பொருளில்லை. வெல்டின் வெப்பப் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 300ஐத் தாண்டிய ஒரு புள்ளி இருந்தால் விரிசலுக்கு அதுவே போதும். வெல்டைக் கடந்து வரிசையாக, நெருக்கமாக அளக்க வேண்டும்.

வெல்டில் உடைந்திருந்தால் வெல்டர் மேல்தானே தப்பு?

அப்படி அவசரப்படக்கூடாது. ஆலையில் போட்ட நீளவாட்டு வெல்டும், தளத்தில் குழாயையும் குழாயையும் சேர்த்த வளைய வெல்டும் வேறு வேறு. 1970க்கு முந்தைய குறைந்த அதிர்வெண் மின்தடை வெல்டுக் குழாய்களில் ஒட்டுக்கோடு முழுமையாக ஒட்டாமல் இருப்பதும், அந்தக் கோட்டை மட்டும் அரிப்பு பள்ளமாகத் தோண்டுவதும் நன்கு தெரிந்த குறைகள். அவற்றுக்கும் தளத்து வெல்டருக்கும் சம்பந்தமே இல்லை.

சான் புரூனோ குழாயை நெருங்கிப் பார்த்தால் இது புரியும். விரிசல் தொடங்கிய குட்டைத் துண்டில் நீளவாட்டு வெல்டு வெளிப்பக்கத்திலிருந்து மட்டுமே போடப்பட்டிருந்தது. அது தடிமனில் ஏறத்தாழ பாதி வரை இறங்கியிருந்தது. உள்பக்கம் ஒட்டாத பிளவாகவே நீளம் முழுவதும் கிடந்தது. அதாவது மேலே நான் கணக்கிட்ட தகைவைத் தாங்க வேண்டிய சுவரில் பாதிதான் உண்மையில் இருந்தது, அந்தப் பாதியின் அடியில் கூர்மையான வெட்டு வேறு. வெல்டின் அந்த அடிமுனையிலிருந்து முதலில் உலோகம் சிறிது பிய்ந்திருக்கிறது, பிறகு பல்லாண்டு அழுத்த ஏற்ற இறக்கத்தில் சோர்வு விரிசலாக வளர்ந்திருக்கிறது, கடைசியில் அன்று மாலை ஒரேயடியாகக் கிழிந்திருக்கிறது. மூன்று கட்டங்களும் ஒரே முகத்தில் தனித்தனி அடையாளங்களோடு பதிந்திருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும் குறை அது. 1956இல் அது எப்படித் தரச் சோதனையைத் தாண்டி மண்ணுக்குள் போனது என்பது ஒரு வெல்டரைத் தாண்டிய கேள்வி.

பொக்லைன் பட்டது எப்போதோ. அப்போது உடையாத பைப் இப்போது ஏன் உடைகிறது?

வாளியின் பல் குழாயை உரசும்போது சுவர் உள்வாங்குகிறது, பரப்பு கீறப்படுகிறது, உராய்வுச் சூட்டில் மெல்லிய ஓர் அடுக்கு சிவந்து, அடியிலுள்ள குளிர்ந்த உலோகத்தால் உடனே அணைக்கப்பட்டுக் கடினமாகிறது. நைட்டலில் அந்த அடுக்கு வெள்ளையாகவே நிற்கும். இயந்திரம் விலகியதும் உள்ளழுத்தம் பள்ளத்தை வெளியே தள்ளும்போது கடினமான அடுக்கில் நுண்விரிசல்கள் விழுகின்றன. அதன்பின் அழுத்தம் ஏறி இறங்க இறங்க அவை வளர்கின்றன.

பெல்ஜியத்தின் கிஸ்லாங்கியனில் 2004 ஜூலை 30 அன்று 24 பேரைப் பலிகொண்ட எரிவாயுக் குழாய், அதற்கு முன்பே கட்டுமான இயந்திரத்தால் சேதப்பட்டிருந்தது. அழுத்தம் கூட்டப்பட்டபோது உடைந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் 1999 ஜூன் 10 அன்று உடைந்த பெட்ரோல் குழாயின் காயம் 1994ஆம் ஆண்டு தோண்டல் வேலையில் பட்டது. வாளி பட்டதைச் சொல்ல ஒரு தொழிலாளி பயப்படாத நிலை இருந்தாலே இத்தகைய பல உடைப்புகளைத் தவிர்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹைட்ரோ டெஸ்டில் பாஸ் ஆன குழாய். பிறகு எப்படிக் குறை இருக்கும்?

ஹைட்ரோ டெஸ்ட் என்பது குழாயில் நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது. அன்றைய அழுத்தத்தில் உடைக்கும் அளவுள்ள குறை இல்லை என்று மட்டுமே அந்தச் சோதனை சொல்லும். அதைவிடச் சிறியது தப்பித்து, மேலே சொன்ன வழிகளில் பின்னர் வளரலாம். ஆனாலும் சோதனையே செய்யாமல் விடுவதற்கு இது சாக்கு அல்ல: சான் புரூனோ குழாயை 1956இல் அக்காலப் பரிந்துரைப்படி நீர் நிரப்பிச் சோதித்திருந்தால் அந்தக் குறை பெரும்பாலும் அன்றே வெளிப்பட்டிருக்கும் என்றுதான் விசாரணைக் குழு முடிவுசெய்தது.

தீயில் வெந்துபோன குழாயிலிருந்து ஏதாவது தெரியுமா?

தெரியும். சூடு எவ்வளவு ஏறியது என்பதையும் எஃகு பதிவுசெய்துகொள்கிறது. பெர்லைட் அடுக்குகள் உருண்டைகளாகியிருந்தால் 700 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் நெடுநேரம் இருந்திருக்கிறது. மணிகள் பெருத்து அமைப்பே மாறியிருந்தால் அதற்கும் மேலே போயிருக்கிறது. உடைந்த முகத்திலேயே தடித்த கருஞ்செதில் இருந்தால் உடைப்பு முன், தீ பின் என்று கொள்ளலாம். மாறாக, சுவர் பலூன்போல் உப்பி, கத்தி விளிம்பாக மெலிந்து கிழிந்திருந்தால் வேறொரு தீயில் பழுத்த பிறகே இந்தக் குழாய் உடைந்தது என்று சந்தேகிக்க வேண்டும். பக்கம் பக்கமாக இரண்டு குழாய்கள் உடைந்த இடங்களில் எது முதலில் போனது என்பதை இப்படித்தான் பிரிக்கிறோம்.

எல்லா டெஸ்டும் ஸ்பெசிபிகேஷனுக்குள் வந்துவிட்டது. அப்படியானால் மெட்டல் மேல் குறையில்லை என்று எழுதிவிடலாமா?

எந்த இடத்திலிருந்து சோதனைத் துண்டு எடுக்கப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நல்ல தகட்டில் எடுத்த துண்டு நல்ல தகட்டைப் பற்றித்தான் சொல்லும். கடினத்தன்மைக் கேள்வியில் சொன்னதுபோல் குறை மில்லிமீட்டர் அளவில் ஒளிந்திருக்கலாம். அதோடு, ஏ.பி.ஐ. 5எல் (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் குழாய்த் தரவிதி) போன்ற தரவிதியை நிறைவு செய்த எஃகு அந்தச் சூழலுக்கு ஏற்ற எஃகு என்று ஆகிவிடாது. சல்பைடு இல்லாத வாயுவுக்காக வாங்கிய குழாய், வயல் முதிர்ந்து வாயுவின் தன்மை மாறியபின் தாக்குப்பிடிக்காமல் போகலாம். அப்போது 'எஃகு தரவிதிக்குள் உள்ளது. பயன்பாடு மாறியிருக்கிறது' என்று இரண்டையும் எழுத வேண்டும்.

மூலக் காரணத்தை மெட்டலர்ஜிஸ்டே சொல்லிவிடலாமா?

விரிசல் எங்கே தொடங்கியது, எந்த முறையில் வளர்ந்தது, உலோகத்தில் என்ன குறை இருந்தது என்ற மூன்றையும் நாம் துணிந்து சொல்லலாம். அதைத் தாண்டும்போது கண்டது எது, ஊகித்தது எது என்று தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும். சான் புரூனோவில் அரைகுறை வெல்டு ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு. பழைய குழாய்களுக்கு 1970இல் அழுத்தச் சோதனையிலிருந்து விலக்கு தரப்பட்டதும், வெடித்த பிறகு வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனதும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிபவை அல்ல. அவற்றை விசாரணைக் குழுவின் மற்றவர்கள் நிறுவினார்கள். சான்று போதாதபோது இரண்டு சாத்தியங்களை எழுதி, எந்தச் சோதனை செய்தால் அவற்றைப் பிரிக்கலாம் என்று குறிப்பிட்டால் அதுவும் நேர்மையான முடிவுதான்.

ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. துண்டுகளை ஸ்கிராப்பில் போட்டுவிடலாமா?

கூடாது. வழக்கு, காப்பீடு, அரசு விசாரணை எல்லாம் முடிந்து, சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை வைத்திருக்க வேண்டும். தொடக்கப் புள்ளியின் இரு முகங்களில் ஒன்றையாவது வெட்டாமல், உலர்பெட்டியில், யார் எப்போது எடுத்தார் என்ற பதிவேட்டோடு பாதுகாக்க வேண்டும். இன்னொரு ஆய்வகம் நம் முடிவைச் சரிபார்க்க வரும்போது நாம் அவர்கள் கையில் தர வேண்டியது அந்த முகத்தைத்தான்.